இம்ப்ளான்ட் வைத்த மார்பில் கோளாறா? மறு ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்டு சிஸ்டர் சொல்வது

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம், மார்பில் வைத்த இம்ப்ளான்ட் (சிலிக்கான் ஜெல்லோ உப்புநீரோ நிரப்பிய பை) கோளாறு செய்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இம்ப்ளான்ட் கார்டு வெச்சிருக்கீங்களாம்மா?" என்றுதான். பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள். "சிலிக்கான்தான் சிஸ்டர், நல்ல கம்பெனின்னு சொன்னாங்க" என்பார்கள். மறு ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டருக்கு இது போதாது. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் ஆபரேஷன் செய்தால், எதிரே வருவதையெல்லாம் உங்களை ஆபரேஷன் மேஜையில் வைத்துக்கொண்டே யோசிக்க வேண்டியிருக்கும்.

எனவே முதல் வேலை, காகிதம் தேடுவது. ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் வரும். தியேட்டரில் ஒன்றை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம், இன்னொன்று நோயாளியின் கார்டில் போகும். கம்பெனி பெயர், மாடல், சீரியல் எண், லாட் எண், எத்தனை சி.சி. எல்லாம் அதில் இருக்கும். மேல்தோல் வழவழப்பா சொரசொரப்பா என்பதை மாடலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இந்தச் சொரசொரப்பு ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். பிரான்ஸின் பி.ஐ.பி. கம்பெனி தொழிற்சாலைத் தர சிலிக்கானை அடைத்து விற்றது 2010-இல் வெளியே வந்தது. 2019-இல் அலர்கான் கம்பெனி தன் பயோசெல் வகை இம்ப்ளான்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இரண்டு முறையும், கையில் கார்டு இருந்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. இல்லாதவர்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

கார்டு தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள் சொல்கின்றன. "டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சே" என்று அனுப்பிவைப்பார்கள். அது போதாது, ஆபரேஷன் நோட்ஸும் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கமும் வேண்டும் என்று நின்று கேளுங்கள். மூன்று வருடம் தாண்டிப் போயிருந்தாலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பழைய கட்டுகள் மாடியில் கிடந்து எடுத்துக் கொடுத்த கதைகள் உண்டு.

என்ன கோளாறு என்பதைக் காலம் பாதி சொல்லிவிடும்

ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலோ முதல் சில நாட்களிலோ ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, வலி கூடிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள், அன்று இரவே போங்கள். முதல் சில வாரங்களில் சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்தால் கிருமித் தொற்று. மருந்துக்கு அடங்காவிட்டால் இம்ப்ளான்டை எடுத்துவிட்டு, திசு ஆறுவதற்கு 3 முதல் 6 மாதம் விட்டு, அப்புறம்தான் புதியது வைப்பார்கள். அந்த இடைப்பட்ட மாதங்கள் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். "இப்பவே மாத்தி வெச்சிடுங்க டாக்டர்" என்று அழுதவர்கள் நிறையப் பேர். தொற்று இருக்கும் இடத்தில் அவசரமாகப் புதியதை வைத்தால் அதற்கும் தொற்று வர வாய்ப்பு அதிகம்.

மாதங்கள், வருடங்கள் கழித்து வருவதில் அதிகம் பார்ப்பது இறுக்கம். உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை வளர்க்கும். அது இயல்பு. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி, இம்ப்ளான்டை நெருக்கும். டாக்டர்கள் இதை பேக்கர் கிரேடு என்று நான்காகப் பிரிப்பார்கள். ஒன்றில் மார்பு இயல்பாக மெத்தென்று இருக்கும். இரண்டில் தொட்டால் கொஞ்சம் கெட்டி, பார்வைக்குத் தெரியாது. மூன்றில் கெட்டியாகி உருவமும் மாறியிருக்கும். நான்கில் இவற்றோடு வலியும் சேரும், பக்கவாட்டில் படுக்கவே முடியாது. மூன்றுக்கும் நான்குக்கும்தான் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு வரும். புற்றுநோய்க்கு மார்பை எடுத்து, இம்ப்ளான்ட் வைத்து, ரேடியேஷனும் வாங்கியவர்களுக்கு இந்த இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வரும்.

கையால் அழுத்திப் பிசைந்து உறையை உடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே செய்ததுதான். உள்ளே இம்ப்ளான்ட் கிழிகிறது, ரத்தம் கட்டுகிறது என்று கண்டு கைவிட்டார்கள்.

கிழிசலைப் பொறுத்தவரை, உப்புநீர் இம்ப்ளான்ட் என்றால் ஓரிரு நாளில் மார்பு சப்பையாகிவிடும், நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், ஆபத்தில்லை. சிலிக்கான் அப்படியில்லை. இப்போதைய ஜெல் நுங்கு மாதிரி கட்டியாக இருப்பதால், கிழிந்தாலும் அங்கேயே நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., தொந்தரவு இல்லாவிட்டாலும், சிலிக்கான் வைத்த 5 அல்லது 6 வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 2-3 வருடத்துக்கு ஒரு தடவை என்று சொல்கிறது. கிழிசலை உறுதி செய்வதில் எம்.ஆர்.ஐ.-தான் மேல். "பத்து வருஷம் ஆச்சு, மாத்தியே ஆகணும்" என்பது விதி இல்லை. ஆயுசுக்கும் ஒரே இம்ப்ளான்ட் போதும் என்பதும் இல்லை.

இனி சொரசொரப்பு. இம்ப்ளான்ட் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தவருக்குத் திடீரென்று ஒரு மார்பு நீர் கோத்துப் பெரிதானால், அலட்சியம் வேண்டாம். உறையில் வருகிற லிம்ஃபோமா என்ற அரிய புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும், அதுவும் பெரும்பாலும் சொரசொரப்பான இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்குத்தான் வந்திருக்கிறது. பயோசெல்லைத் திரும்பப் பெற்றதும் இதற்காகத்தான். அந்த நீரை ஸ்கேன் பார்த்து ஊசியால் எடுத்து, செல் பரிசோதனைக்கும் இந்தப் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடும் சி.டி.30 என்ற பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். உறிஞ்சிக் கீழே கொட்டிவிட்டு "சரியாப் போச்சு" என்று அனுப்பிவைத்த கிளினிக்கிலிருந்து, அதே நீர் மறுபடி சேர்ந்து எங்களிடம் வந்தவர் உண்டு. அவருக்குக் கடைசியில் வேறு காரணம்தான், பிழைத்தார். ஆனால் கண்டுபிடிக்கும் முதல் வாய்ப்பைக் கொட்டிவிட்டார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. உறைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால், இம்ப்ளான்டையும் உறையையும் முழுதாக எடுப்பதிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

இம்ப்ளான்ட் கீழே இறங்குவது, இரண்டும் நடுவில் ஒட்டுவது, தோலில் அலையலையாகத் தெரிவது போன்றவை அழகும் வசதியும் சார்ந்தவை. இவற்றுக்கு அவசரம் இல்லை. திசு அடங்க ஆறு மாதமாவது பொறுங்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. முடித்தவரா என்று பாருங்கள். பலகையில் 'காஸ்மெடிக்' என்று எழுதியிருப்பது படிப்பு ஆகாது. அதிலும், வைப்பதைவிட எடுப்பதிலும் மாற்றுவதிலும் பழக்கம் உள்ளவரா என்று நேராகவே கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உறையை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் நடுநாயகமான கேள்வி. வெட்டி விரித்து விடுவது ஒரு வகை, ஒரு பகுதியை எடுப்பது இன்னொன்று, முழுதாக எடுப்பது மற்றொன்று. யூடியூப் பார்த்துவிட்டு எல்லோரும் "உறையோட அப்படியே மொத்தமா எடுங்க" என்று கேட்கிறார்கள். லிம்ஃபோமா என்றால் அது அவசியம். வேறு காரணத்துக்கு எல்லா நேரமும் தேவையில்லை. தசைக்குப் பின்னால் வைத்த இம்ப்ளான்டின் உறை விலா எலும்போடு ஒட்டிக் கிடக்கும். மெல்லிய உறையைச் சுரண்டி எடுக்கப்போய் நுரையீரலைச் சுற்றிய சவ்வில் ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. "இந்த இடத்தில் விட்டுவிடுவேன்" என்று காரணத்தோடு சொல்கிற டாக்டரை நான் அதிகம் நம்புவேன். எடுத்த உறை பயாப்ஸிக்குப் போகுமா என்றும் கேளுங்கள். போக வேண்டும்.

அடுத்து, புதியது எங்கே உட்காரும்? முன்பு தசைக்கு மேலே இருந்திருந்தால் கீழே மாற்றுவது, அளவைக் குறைப்பது, பலவீனமான இடத்தில் திசுத் தகடு வைத்துத் தைப்பது எல்லாம் வழிகள். மறுபடி இம்ப்ளான்டே வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. எடுத்துவிட்டு, தொங்கும் தோலைத் தூக்கித் தைக்கலாம், வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சிக் கொஞ்சம் நிரப்பலாம். ரேடியேஷன் வாங்கிய மார்பில் இம்ப்ளான்ட் திரும்பத் திரும்ப இறுகினால், முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ சொந்தத் திசுவைக் கொண்டுவந்து மார்பு அமைப்பார்கள். ஆபரேஷன் நீளம், ஆறுவதும் நீளம், ஆனால் இறுகுவதற்கு அங்கே இம்ப்ளான்டே கிடையாது.

சோர்வு, மூட்டுவலி, மறதி என்று வருகிறவர்களும் உண்டு. இது இம்ப்ளான்டால்தான் என்று உறுதி செய்ய ஒரு டெஸ்டும் இல்லை. எடுத்த பிறகு தேறியவர்கள் இருக்கிறார்கள், தேறாதவர்களும் இருக்கிறார்கள். தைராய்டு, ரத்தசோகை, மூட்டுநோய் எல்லாம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசு

அழகுக்கான ஆபரேஷனை நம் நாட்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகள் தள்ளிவிடும். ஆனால் அதே விதியில் ஒரு கதவு திறந்திருக்கிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்கச் செய்யும் சிகிச்சைக்கும் அந்தத் தடை கிடையாது, சிகிச்சை தரும் டாக்டர் சான்று தர வேண்டும். எனவே கடிதத்தில் "மார்பு சரிசெய்தல்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். கிழிசலா, தொற்றா, எத்தனாவது கிரேடு, ஸ்கேன் எந்தத் தேதி என்று இருக்க வேண்டும். முன் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவையும் ஒதுக்காதீர்கள். சென்னை ஸ்டான்லியில் 2018-லேயே மார்பக சிகிச்சைக்கென்று இலவசப் பிரிவு தொடங்கினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சிகரெட் பழக்கம் இருந்தால் ஒரு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள், தலைவழியாகப் போடுவது நடக்காது.

டிரெயின் குழாயோடு (ஆபரேஷன் செய்த இடத்து நீரை வெளியே இழுக்கும், நுனியில் ரப்பர் பல்பு உள்ள குழாய்) வீட்டுக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம். கையைக் கழுவி, மூடியைத் திறந்து, நீரை அளவுக் கோப்பையில் ஊற்றி அளந்து, பல்பை உள்ளங்கையில் நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூடியைப் போடுங்கள். அமுங்கி இருந்தால்தான் இழுக்கும். காலை, இரவு என்று தேதி போட்டு எழுதுங்கள். முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், அப்புறம் வைக்கோல் நிறம் என்று மாறும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். வைக்கோல் நிறமானது மறுபடி சிவந்தால் போன் செய்யுங்கள்.

முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. பரண் மேல் டப்பா, தண்ணீர்க் குடம், இடுப்புக் குழந்தை எல்லாம் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். ஆனால் மறுநாளே எழுந்து நடங்கள். வீட்டில் பெரியவர்கள் முட்டை சீழ் வைக்கும், மீன் அரிப்பு எடுக்கும் என்று ரசம் சோறு மட்டும் போடுவார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டையும் பருப்பும் மீனும் தாராளமாகச் சாப்பிடுங்கள். இதற்காக மாமியார்களோடு நான் வார்டிலேயே சண்டை போட்டிருக்கிறேன்.

தையல் பிரிக்கப் போகும் நாளில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: புதிய இம்ப்ளான்ட் கார்டு, எடுத்த உறையின் பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் நோட்ஸ் நகல். போனில் படம் எடுத்து, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். பின்னால் எப்போது மேமோகிராம் எடுக்கப் போனாலும், மெஷினில் நிற்பதற்கு முன்பே இம்ப்ளான்ட் இருப்பதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். அதைப் பின்னுக்குத் தள்ளி எடுக்கும் தனி முறை இருக்கிறது, சொன்னால்தான் செய்வார்கள்.