நெல் இரகம் வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்க்கிறதா? தொட்டியில் வைத்துக் கண்டறியும் முறை

நாற்றங்காலிலும் புழுதி விதைப்பு வயலிலும் பயிர் திட்டுத் திட்டாக வெளிறிக் குட்டையாக நிற்கும்போது, பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா இடுகிறோம். அதற்கு முன் ஒரு நாற்றை வேரோடு தோண்டிப் பார்ப்பது நல்லது. வேரின் நுனி தடித்துத் தூண்டில் முள்ளைப்போல் வளைந்திருந்தால், அது மெலாய்டோகைன் கிராமினிகோலா என்னும் நெல் வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. 1965-இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு புல்லின் வேரிலிருந்து விவரிக்கப்பட்ட இந்தப் புழு, இன்று ஆசியாவின் நெல் வயல்களில் பரவலாக இருக்கிறது.

எந்த இரகம் இதை எதிர்க்கும் என்பதை வயலின் பசுமையை வைத்து முடிவு செய்யக் கூடாது. புழுவைத் தன் வேரில் பெருகவிடாத இரகம் எதிர்ப்புத் திறன் உடையது. புழு பெருகினாலும் விளைச்சல் குறையாமல் நிற்கும் இரகம் தாங்கும் திறன் உடையது. இரண்டாவது வகையைப் பயிரிடுபவர் தம் மகசூலைக் காப்பாற்றிக்கொள்கிறார், ஆனால் அடுத்த போகத்துக்கான புழுக்களையும் சேர்த்தே வளர்த்துவிடுகிறார். ஆகவே சோதனையில் வேரைப் பார்ப்பதோடு, அறுவடைக்குப் பின் மண்ணில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முடிச்சு தெரிந்த திட்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணை வேர்களோடு சேர்த்து எடுத்து, ஈரம் போகாமல் பாலித்தீன் பையில் கட்டி நிழலில் வைக்கவும். வெயிலில் காயவிட்டால் இளம்புழுக்கள் செத்து, சோதனையே வீணாகிவிடும். மண்ணை நன்கு கலந்து, ஒரு கிலோ கொள்ளும் தொட்டிகளில் இரகத்துக்கு ஐந்து வீதம் நிரப்பவும். அதே மண்ணில் ஒரு பங்கை அண்டாவில் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு, ஒவ்வொரு இரகத்துக்கும் ஓரிரு தொட்டிகள் தனியாக வைத்தால், புழு இல்லாதபோது அந்த இரகம் எவ்வளவு வளர்கிறது என்பதற்கு ஒப்பீடு கிடைக்கும். இவற்றுடன், எளிதில் தாக்கப்படும் ஐ.ஆர். 64 இரகத்தையும் கட்டாயம் வைக்க வேண்டும். அதன் வேரிலேயே முடிச்சு வரவில்லை என்றால் மண்ணில் போதிய புழு இல்லை என்று பொருள். மற்ற இரகங்களைப் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்லாது.

தொட்டிக்கு நான்கைந்து விதைகள் இட்டு, முளைத்தபின் ஒரு நாற்றை மட்டும் விடவும். முதல்முறை செய்பவர்கள் சறுக்குவது தண்ணீரில்தான். நெல்தானே என்று நீரைத் தேக்கினால், மண்ணிலுள்ள இளம்புழுக்கள் வேருக்குள் புக முடியாமல் போய், எல்லா இரகமும் எதிர்ப்புத் திறன் உடையதுபோல் தோன்றும். மண் புட்டுமாவுப் பதத்தில், பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிரும் ஈரத்தில் இருக்கட்டும். இளஞ்சூடான மண்ணில் புழுவின் ஒரு தலைமுறை சுமார் மூன்று, நான்கு வாரங்களில் முடிவதால், விதைத்த 45-ஆம் நாள் பார்ப்பது பொருத்தமானது.

செடியைப் பிடுங்கக் கூடாது. முடிச்சுகள் வேர்நுனியில் இருப்பதால் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். தொட்டியை வாளித் தண்ணீரில் கவிழ்த்து ஊறவைத்து, மண் தானாகக் கரைந்தபின் வேரை வெள்ளைத் தட்டில் நீர்விட்டுப் பரப்பவும். ஒரு முடிச்சைப் பிளேடால் கீறிக் கைலென்சில் பார்த்தால், பேரிக்காய் வடிவப் பெண்புழு முத்துப்போல் மின்னுவது தெரியும். தக்காளி வேரில் காண்பதுபோல் முட்டைத்திரளை வெளியே தேட வேண்டாம். இந்த இனம் முட்டைகளை வேருக்குள்ளேயே இடுகிறது.

முடிச்சே இல்லை என்றால் 0, ஒன்றிரண்டுக்கு 1, 3 முதல் 10 வரை 2, 11 முதல் 30 வரை 3, 31 முதல் 100 வரை 4, அதற்கு மேல் 5 என மதிப்பெண் இடவும். வேர் அடர்ந்த இரகத்தில் முடிச்சும் கூடுதலாகவே தெரியும் என்பதால், ஒரு கிராம் வேருக்கு எத்தனை என்றும் கணக்கிடுவது நியாயமானது. பிறகு வேரைப் பொடியாக நறுக்கி, வாளியில் கரைந்த மண் முழுவதையும் படியவிட்டு அதோடு கலந்து, அதே தொட்டியில் நிரப்பி, ஒரு வாரம் கழித்து எல்லாத் தொட்டிகளிலும் ஐ.ஆர். 64 விதைக்கவும். 30 நாளில் எந்தத் தொட்டியில் முடிச்சு மிகக் குறைவோ, அதில் முன்பு வளர்ந்த இரகமே புழுவைப் பெருகவிடாதது. ஆய்வகத்தில் இதையே இறுதி எண்ணிக்கையைத் தொடக்க எண்ணிக்கையால் வகுத்துச் சொல்வார்கள்: 500 புழு 5,000 ஆனால் பெருக்க விகிதம் 10, ஒன்றுக்குக் கீழே இருந்தால் எதிர்ப்பு.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளவும். ஆசிய நெல்லில் பெரும்பாலான இரகங்கள் இந்தப் புழுவுக்கு இடம் கொடுப்பவையே. ஆப்பிரிக்க நெல்லான ஒரைசா கிளாபெரிமாவில் வலுவான எதிர்ப்பு உண்டு, ஆனால் கலப்பினச் சந்ததிகளில் அது அதே அளவில் வெளிப்படவில்லை. ஆசிய நெல்லிலேயே தாய்லாந்தின் காவ் பாக் மாவ், இலங்கையின் எல்.டி. 24 ஆகியவற்றில் எதிர்ப்பு கண்டறியப்பட்டிருப்பது நம்பிக்கை தருகிறது. உங்கள் தொட்டியில் 2 மதிப்பெண் பெற்ற உள்ளூர் இரகம் ஒன்று கிடைத்தாலே அதை மறுபோகத்தில் மீண்டும் சோதிப்பது தகும். புழுவின் தாக்கும் வன்மை இடத்துக்கு இடம் மாறுவதால், பக்கத்து ஊர் மண்ணிலும் வைத்துப் பார்க்கலாம்.

சோதனை முடிந்த மண்ணை வயலில் கொட்டாமல், வேர்களோடு சேர்த்து ஆவியில் வேகவைத்து அப்புறப்படுத்தி, மண்வெட்டியையும் தொட்டிகளையும் கழுவி வெயிலில் உலர்த்தவும்.