ஜேம்ஸ் கசன்ஸ் வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹென்றி ஃபோர்டின் நிழலில் பணக்காரராகி, பிறகு அமெரிக்க செனட்டுக்குப் போனவர் என்று ஜேம்ஸ் கசன்ஸை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இது அவருக்குச் செய்யும் பெரிய அநியாயம்.

1872-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். டெட்ராய்ட்டில் ரயில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை, அப்புறம் ஒரு நிலக்கரி வியாபாரியிடம் குமாஸ்தா. 1903-இல் ஃபோர்டு நிறுவனம் தொடங்கியபோது 2,500 டாலருக்குப் பங்கு எடுத்தார். அதிலும் ஒரு பகுதி கடன். கார் வடிவமைப்பு ஃபோர்டுடையது. கணக்கு, விற்பனை, முகவர்கள் எல்லாம் கசன்ஸ் கையில். 1914-இல் ஒரு நாளுக்கு 5 டாலர் ஊதியம் என்று அறிவித்ததை ஃபோர்டின் தனிப்பட்ட தாராள மனசாக மட்டும் எழுதாதீர்கள். பத்திரிகையாளர்களுக்கு அந்த அறிக்கையை வாசித்தவரே கசன்ஸ்தான். அந்த 5 டாலரில் ஒரு பங்கு லாபப் பகிர்வு, அதற்கு நிபந்தனைகளும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணத்தால் செனட் பதவியை வாங்கினார் என்பது இன்னொரு தவறு. 1915-இல், முதல் உலகப் போரை எதிர்த்து ஃபோர்டு செய்த பிரச்சாரம் பிடிக்காமல் நிர்வாகப் பொறுப்பை விட்டார். டெட்ராய்ட்டின் காவல் ஆணையர், பிறகு மேயர். டிராம் வண்டிகளைத் தனியாரிடமிருந்து நகரத்தின் உடைமையாக்கியது அவர் மேயராக இருந்தபோதுதான். 1918 செனட் தேர்தலில் ஃபோர்டைத் தோற்கடித்த ட்ரூமன் நியூபெரி, தேர்தல் செலவு விவகாரத்தால் 1922-இல் பதவி விலகினார். அந்தக் காலி இடத்துக்கு, டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநர் கசன்ஸை நியமித்தார். மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தது 1924-இலும் 1930-இலும்.

அதிகம் பேர் சறுக்குவது வரி வழக்கில்தான். அப்போதைய அமெரிக்க நிதிச் செயலர் (நம்மூர் நிதியமைச்சர் போன்றவர்) ஆண்ட்ரூ மெலன், பெரும் பணக்காரர்களின் வரியைக் குறைக்கப் பார்த்தார். தானும் பெரும் பணக்காரரான கசன்ஸ் அதை எதிர்த்தார். உங்கள் சொத்தே வரி இல்லாத நகராட்சிக் கடன் பத்திரங்களில்தானே இருக்கிறது என்று மெலன் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது, அதை மறைத்துவிட்டு கசன்ஸைப் புகழக் கூடாது. ஆனால் அவர் அதற்காகப் பின்வாங்கவில்லை. வரித்துறை யாருக்கெல்லாம் சலுகை காட்டியது என்று செனட் குழு மூலம் துருவினார். மெலன் குடும்பத்துக்குப் பங்கிருந்த நிறுவனங்களும் வெளிச்சத்துக்கு வந்தன.

விசாரணை நடந்துகொண்டிருந்த 1925-இல் கசன்ஸுக்கே நோட்டீஸ் வந்தது. 1919-இல் ஃபோர்டு பங்குகளைச் சுமார் 2.9 கோடி டாலருக்கு விற்றாரே, அதற்கு இன்னும் ஒரு கோடி டாலர் அளவுக்கு வரி பாக்கி என்றார்கள். இதை வைத்து அவரை வரி ஏய்ப்பாளர் என்று எழுதினால் கதையைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். 1928-இல் வரி மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்புச் சொன்னது: பாக்கி எதுவுமில்லை, அவர்தான் 9 லட்சம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருக்கிறார். அவருடைய விசாரணையின் பலனாக, வரி விஷயங்களைக் கவனிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று 1926-இல் அமைந்தது. என்னைக் கேட்டால் மேயர் பதவியைவிடவும் ஃபோர்டு பங்குகளைவிடவும் இதைத்தான் முதலில் எழுதுவேன்.

1933-இல் மிச்சிகன் வங்கிகள் மூடப்பட்டதற்கு முழுப் பழியையும் அவர்மேல் போடுவதும் சரியல்ல. தடுமாறிய வங்கிக்குப் போதுமான பிணை இல்லாமல் அரசு கடன் தரக் கூடாது என்று கசன்ஸ் பிடிவாதமாக நின்றது உண்மைதான். ஆனால் வங்கியைக் காப்பாற்ற, அங்கிருந்த தன் வைப்புத்தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்க ஃபோர்டும் மறுத்தார்.

கடைசித் தேர்தலையும் கவனமாக எழுதுங்கள். 1936-இல் குடியரசுக் கட்சிக்காரரான அவர், ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார். தோற்றது பொதுத் தேர்தலில் அல்ல, சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வில். அக்டோபர் 22-இல் இறந்தபோதும் அவர் செனட்டர்தான்.