கதிர்காமத்துக்கு நடந்து போக நினைப்பவர்களுக்கு

இந்த முறை இலங்கைக்குப் போகும்போது தெற்கிலுள்ள கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடந்து போவோம் என்று நினைத்திருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அங்கே நடக்கும் ஆடிவேல் திருவிழா எப்போதும் ஆடி மாதத்தில்தான் வரும் என்று நம்பி இருக்க முடியாது. 2023இல் ஜூனிலேயே கொடியேறிவிட்டது, 2024இல் ஜூலையில். லண்டனில் பள்ளிக்கூடம் விடுமுறை விடுவதற்குள் தீர்த்தமே முடிந்துவிடும் ஆண்டுகளும் உண்டு. கிழக்குக் கரையிலுள்ள உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் காட்டுப்பாதையோ ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வாரந்தான் திறந்திருக்கும். அந்தத் தேதியை அம்பாறை மாவட்டச் செயலகக் கூட்டத்தில் முடிவு செய்து பத்திரிகைகளில் அறிவிப்பார்கள். அது வெளிவந்த பிறகு டிக்கெட் எடுப்பது நல்லது.

முழுப்பாதை தொடங்குவது யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில். வற்றாப்பளை கண்ணகி அம்மன், திருகோணமலை கோணேசர், வெருகல் சித்திரவேலாயுதர், மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர், மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கரையோரமாகவே இறங்கும். ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்குச் சுற்றுலா விசா வழக்கமாக 30 நாள்தான், ஆகவே நீடிப்புக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு நாள் விடுப்புக் கிடைக்காதவர்கள் மட்டக்களப்பிலிருந்து நடக்கலாம். அதுவும் முடியாவிட்டால் திருக்கோவிலிலிருந்தாவது நடவுங்கள். பொத்துவில் வரை வாகனத்தில் வந்து, பாணமை தாண்டி உகந்தையில் இறங்கி, காட்டை மட்டும் நடப்பவர்கள் நிறையப் பேர். நான் அதைச் சொல்ல மாட்டேன். காட்டுக்குள் வேண்டிய கால்பழக்கமும் கூட்டத்தோடு சேர்ந்து போகும் பழக்கமும் அந்தக் கிழக்கு ஊர்களில்தான் வருகின்றன.

நடந்தே போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செல்வச்சந்நிதியில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், மந்திரம் கிடையாது. மருதர் கதிர்காமர் என்ற அடியவருக்கு அந்த முறையைக் கதிர்காமத்தில் வைத்து முருகனே காட்டிக் கொடுத்ததாக ஐதீகம். சின்னக் கதிர்காமம் என்று சொல்லும் மண்டூரிலும் அதே வாய்கட்டிய மௌனம். கடைசியில் கதிர்காமத்தில் கருவறையை மறைக்கும் திரைக்கு முன்னால் நிற்கும்போது அங்கேயும் அதுதான். மூன்றையும் ஒரே நடையில் பார்த்தவருக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து தென்கோடி வரை ஒரே வழிபாடு நூல்போல ஓடுவது கண்ணால் தெரியும். பஸ்ஸில் போய் இறங்கினால் அது தெரிய வாய்ப்பில்லை.

சரி, சாமான். எவ்வளவு குறைத்தாலும் இன்னும் குறைக்கலாம். இரண்டு சாரம் அல்லது வேட்டி, ஒரு போர்வை, ஒரு தட்டு, டோர்ச், இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல், கடவுச்சீட்டின் பிரதி இரண்டு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பைக்கற் குறைந்தது பத்து வேண்டும். வலிக்குப் பூசும் சித்தாலேப ஒன்று. பொலித்தீன் பையைக் காட்டுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், துணிப்பையாக எடுங்கள். சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பெயர். அவர் வழியில் அன்னதானத்துக்குக் குறைவில்லை, ஆகவே சாப்பாட்டுச் சாமான் சுமக்கத் தேவையில்லை. கொடுப்பதை இருந்து சாப்பிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தனிக் கதிரை போட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பாயில் இருங்கள். வழியில் எல்லாரும் சாமிதான், ஆறு வயதுப் பிள்ளையும் சாமிதான். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள்.

செருப்பு விடயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். மலையேறும் சப்பாத்து ஒன்று விலை கொடுத்து வாங்கிப் போனேன். தம்பிலுவில் தாண்டும்போதே உள்ளே மணல் புகுந்து, காலுறையோடு சேர்ந்து அரைத்து, இரண்டு குதிக்காலும் கொப்புளம். ஒரு ஆச்சி பார்த்துவிட்டு, "மகன், அதைக் கழட்டிப் பையில போடுங்க, மணலுக்கு வெறுங்கால்தான் சுகம்" என்றார். தார் ரோட்டில் றப்பர் செருப்பு, மணலில் வெறுங்கால் என்று மாற்றிய பிறகுதான் நடக்க முடிந்தது. ஊருக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நடந்து பழகுங்கள். நடையை விடிய நான்கு மணிக்குத் தொடங்கி, பத்து மணிக்குள் நிழல் பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் கிழக்கில் கச்சான் காற்று வீசும். ஈரமே இல்லாத சூட்டுக் காற்று. வியர்ப்பது தெரியாது, அதனால் தாகமும் தெரியாது. தலை சுற்றும்போதுதான் தெரியும்.

உகந்தையில் கடலோரப் பாறைகளுக்கு நடுவே முருகன் கோயில். அங்கே பெயர் பதிந்து, கூட்டமாகத்தான் காட்டுக்குள் போக விடுவார்கள். தனியாக வந்தவர்கள் முதல் நாளே ஒரு குழுவைப் பார்த்துக் கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். வயதான அம்மாமார் உள்ள மட்டக்களப்புக் குழுக்களே சிறந்தவை. எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே ஏறத்தாழ 80 கிலோமீட்டர், நான்கைந்து நாள். வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு என்று தங்கல்கள். குமனையும் யாலவும் யானை, கரடி, சிறுத்தை உள்ள தேசியப் பூங்காக்கள். பொழுது பட்டபிறகு கூட்டத்தை விட்டு விலகக் கூடாது. போன் அலைவரிசையை நம்ப வேண்டாம், வீட்டுக்கு உகந்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

காட்டுப்பாதையில் பவுசர் என்ற தண்ணீர் வண்டியிலும் தாங்கியிலும் தண்ணீர் வைக்கிறார்கள், ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் இருக்காது. குமுக்கன் ஆறு அப்போது பெரும்பகுதி வெண்மணல். மருதமர நிழலில், சிரட்டையால் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று வரும். முதலில் பால்போலக் கலங்கல். அதை இரண்டு மூன்று தரம் அள்ளி வெளியே ஊற்ற வேண்டும், பிறகு ஓரம் சரியாமல் கையால் தட்டிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். மெல்ல மெல்லத் தெளிந்து, அடியில் மணல் துணுக்கை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல வரும். அதைத் துணியில் வடித்துப் போத்தலில் விடுங்கள். வயிறு பழகாத பிள்ளைகளுக்குக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். போகும்போது ஊற்றை மூடாதீர்கள். பின்னால் வரும் சாமிகளுக்கு வேண்டும்.

கதிர்காமம் வந்ததும் நேரே கோயிலுக்கு ஓடாமல் மாணிக்க கங்கையில் முழுகி, உடுப்பு மாற்றிக்கொண்டு போங்கள். தெய்வானை அம்மனையும் வள்ளியம்மனையும் தவறாமல் கும்பிட வேண்டும். தங்கும் அறை திருவிழா நாட்களில் கிடைப்பது கடினம், மடங்களில் பாய் போட இடம் கேட்டுப் பாருங்கள். தீர்த்தத்துக்கு மறுநாள் எல்லாப் பஸ்ஸும் நிரம்பி வழியும். விமானத்துக்கு இடையில் இரண்டு நாளாவது விட்டு வையுங்கள், கால் வீக்கம் வற்றவும் அந்த இரண்டு நாள் வேண்டும்.