மட்டக்களப்பு, அம்பாறையில் மாட்டு வைத்தியராக வர விரும்புவோருக்கு

உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவத்துக்குப் புள்ளி காணாமல் கால்நடை வைத்தியத்தை அடுத்த தெரிவாகப் போடும் பிள்ளைகள் நிறையப் பேர். அதில் பிழையில்லை. அப்படி வந்து நல்ல மாட்டு வைத்தியரானவர்கள் உண்டு. ஆனால் படிவத்தை நிரப்புமுன் ஒருமுறையாவது வாகரை, கிரான், வெல்லாவெளி, பொத்துவில் பக்கம் ஒரு பட்டிக்கு விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். சாணிக்கும் சேற்றுக்கும் நடுவில், மூக்குக்கயிறே காணாத நாட்டு மாடுகள் நூறு நிற்கும். அவற்றில் நோயுள்ளதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, பிடித்து, படுக்கவைத்து, ஊசி போட வேண்டும். இந்த வேலை பிடிக்குமா என்பதை அங்கே ஒரு காலைப்பொழுதில் அறிந்துகொள்ளலாம். நாய், பூனை பார்க்கும் கிளினிக்தான் மனதில் இருந்தால் அதுவும் நல்ல தொழில்தான், ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

பேராதனைக்குப் போகும் வழி

இலங்கையில் கால்நடை வைத்தியப் பட்டத்தைத் தருவது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடம். பட்டப்படிப்பு ஐந்து ஆண்டு, ஆங்கில மொழிமூலம். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் எடுப்பதே பாதுகாப்பு. பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்க நினைப்பவர்கள், அதனால் எந்த வாசல் மூடும் என்பதை அந்த ஆண்டுக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

அனுமதி இசட் புள்ளிப்படி. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பதால், கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத இடம் இங்குள்ள பிள்ளைக்குக் கிடைக்கலாம். மூன்று தடவைதான் பரீட்சை எழுதலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு முதலாம் ஆண்டில் உடற்கூற்றியலைவிட ஆங்கிலம்தான் கஷ்டம் தரும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் மாதங்களை அதற்குச் செலவிடுங்கள். சிங்களத்தையும் சேர்த்துப் பழகுங்கள். அரச பதவியை நிரந்தரமாக்க இரண்டாம் அரச கரும மொழித் தேர்ச்சி கேட்பார்கள். அதைவிட, தமணையிலோ உகணையிலோ பண்ணைக்காரர் தன் மாட்டுக்கு என்ன நடந்தது என்று சொல்வதைப் புரிந்துகொள்ள அது வேண்டும்.

வெளிநாட்டில், குறிப்பாக இந்தியாவில், படிக்க நினைப்பவர்கள் காசு கட்டுமுன் ஒரு வேலை செய்ய வேண்டும். அந்தப் பட்டத்தை ஏற்பார்களா, திரும்பி வந்து எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று இலங்கைக் கால்நடை வைத்தியர் சபையிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் சொல்வதை நம்பிப் போக வேண்டாம். 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி சபையில் பதியாதவர் இங்கே கால்நடை வைத்தியராகத் தொழில் செய்ய முடியாது.

பெற்றோர் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம். நல்ல படிப்பு. தீவனம், இனவிருத்தி, பால் பதனிடல் என்று போகிறவருக்குப் பொருத்தமானது. ஆனால் அதை முடித்தவர் கால்நடை வைத்தியர் அல்ல. அதேபோல் குண்டசாலையில் கால்நடை வளர்ப்பு டிப்ளோமா முடித்துக் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வருபவர் செயற்கை முறைச் சினைப்படுத்தலிலும் தடுப்பூசி வேலையிலும் முன்னணியில் நிற்பார். பட்டம் முடித்துப் புதிதாக வரும் வைத்தியர் அவரிடம் கற்க நிறைய உண்டு. வெட்கப்படாமல் கேட்பவர் சீக்கிரம் தேறுவார்.

விடுமுறையில் கை பழக்க வேண்டியவை

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் அனுமதி கேட்டு வைத்தியரோடு கூடப் போங்கள். பார்த்துப் பழகுவதில் முதலாவது, மாட்டைப் பிடிப்பது. மாட்டின் பின்காலுக்கு நேரே நிற்கக்கூடாது. மாடு உதைப்பது பெரும்பாலும் பக்கவாட்டில் வளைத்து. ஆகவே ஒன்றில் உடம்போடு ஒட்டி நில்லுங்கள், இல்லாவிட்டால் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். நடுத்தூரம்தான் எலும்பை முறிக்கும்.

படுக்கவைக்க 10 முதல் 12 மீற்றர் கயிறு போதும். கழுத்தில் இறுகாத முடிச்சு. பிறகு முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு சுற்று, மடிக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி இன்னொரு சுற்று. இரண்டு பேர் பின்பக்கமாக நேராக, விடாமல் இழுத்தால் மாடு தானாகவே மடிந்து படுக்கும். பலத்தால் தள்ள வேண்டியதில்லை. நாம்பனில் பின்சுற்று குறியை அழுத்தாமலும், பால் மாட்டில் வயிற்றடியில் ஓடும் பால் நரம்பை அழுத்தாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தவரை வலப்பக்கமாகப் படுக்கவையுங்கள். அசைபோடும் பை இடப்பக்கம் இருப்பதால் வயிறு ஊதினால் கண்ணுக்குத் தெரியும், காற்றை எடுக்கவும் இடமிருக்கும். வேலை முடிந்த கையோடு நெஞ்சில் நிமிர்த்தி இருத்துங்கள். நீட்டிப் படுத்தபடியே விட்டால் ஊதிச் சாகும்.

இரண்டாவது, நிறை. பட்டியில் தராசு இருக்காது, கண்மதிப்புப் பிழைக்கும். தையல்காரரின் அளவு நாடா ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் இறாத்தல் கணக்கு வரும். சுற்றளவு 55, நீளம் 48 என்றால் 484 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 220 கிலோ. மில்லிலீற்றருக்கு 200 மில்லிகிராம் உள்ள நீண்டநேர ஒக்சிடெட்ராசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் ஊசி 10 கிலோ நிறைக்கு 1 மில்லிலீற்றர். ஆகவே இந்த மாட்டுக்கு 22. அதை ஒரே இடத்தில் இறக்காமல் இரண்டு மூன்று இடங்களில் தசைக்குள் ஆழமாகப் போட வேண்டும். கண்மதிப்பில் 150 கிலோ என்று நினைத்து 15 போட்டால் நோய் அரைகுறையாக அடங்கித் திரும்பி வரும், கிருமியும் மருந்துக்குப் பழகும்.

மருந்து போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது போத்தலின் லேபலில் இருக்கும். அதை வாயால் சொல்வதோடு விடாமல் துண்டில் எழுதிக் கொடுங்கள். இங்கே பாலின் பெரும்பகுதி தயிருக்குப் போகிறது. அன்ரிபயோட்டிக் கலந்த பாலில் உறைமோர் வேலை செய்யாது. ஒரு மாட்டின் பால் ஒரு நாள் தயிர்ச் சட்டிகள் அத்தனையையும் கெடுக்கும். பழி வைத்தியருக்குத்தான்.

மூன்றாவது, கன்று எடுப்பது. கால் இரண்டு வெளியே தெரிந்தால் அது முன்காலா பின்காலா என்று முதலில் அறியுங்கள். குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டும் அதற்கடுத்த மூட்டும் ஒரே திசையில் மடிந்தால் முன்கால், எதிர்த்திசையில் மடிந்தால் பின்கால். முன்கால் என்றால் தலை எங்கே என்று தேடாமல் இழுக்கவே கூடாது. தலை பின்னால் மடிந்திருக்க இழுத்தால் கன்றும் போகும், தாயும் கிழியும். வழுக்கும் திரவத்தைத் தாராளமாக விடுங்கள். சவர்க்காரம் உள்ளிருக்கும் இயற்கையான வழுவழுப்பையும் கழுவிவிடும். தாய் முக்கும்போது மட்டும், ஒரு காலை மாற்றி மறுகாலாக, இரண்டு பேரின் பலத்தோடு இழுங்கள். தலை வெளியே வந்தபின் இழுப்பு தாயின் பின்காலை நோக்கிக் கீழே போக வேண்டும். லான்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரத்தில்) கயிறு கட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை முதலில் அப்புறப்படுத்துங்கள். இளங்கொடி விழாவிட்டால் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கையால் பிய்ப்பதும் கருப்பையைக் கெடுத்து அடுத்த சினையையும் இல்லாமல் செய்யும்.

ஜேர்சி, பிரீசியன் கலப்பு மாடுகளில் கன்று போட்ட ஓரிரு நாளில் மாடு எழும்பாமல், காது குளிர்ந்து, தலையைப் பக்கவாட்டில் மடித்துக் கிடந்தால் பால் காய்ச்சல். கல்சியம் போரோகுளுக்கோனேற் நரம்பில் ஏற்றினால் கண்முன்னே எழும்பும், வைத்தியருக்குப் பெயர் வரும். ஆனால் அதை வேகமாக ஏற்றினால் இதயம் நிற்கும். 400 மில்லிலீற்றருக்குக் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் எடுங்கள், இதயத்துடிப்பைக் கேட்டபடியே ஏற்றுங்கள். போத்தலை முன்பே உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து வைத்திருங்கள்.

பட்டியை வாசிப்பது

கிழக்கில் வைத்தியரின் நாட்காட்டியைப் போகம்தான் எழுதுகிறது. பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கினால் மாடுகள் மயிலத்தமடு, மாதவனை, வட்டமடு போன்ற மேய்ச்சல் தரைகளுக்குப் போகும். அறுவடைக்குப் பிறகு தாள் மேய வயலுக்குத் திரும்பும். மாரியில் பாதை அறுந்து வள்ளத்தில் போக வேண்டிய இடங்களும் உண்டு. ஆகவே தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் ஓகஸ்ட், செப்டெம்பரில் முடிந்திருக்க வேண்டும். தொண்டை அடைப்பான் என்ற நோய் முதல் மழையோடு வரும். எருமையையும் இளங்கன்றையும் முதலில் பிடிக்கும். கடுங்காய்ச்சல், தொண்டை வீக்கம், ஒரே நாளில் சாவு. தடுப்பூசிக்குப் பலன் வர வாரங்கள் வேண்டும் என்பதால் நோய் வந்தபின் ஓடித் திரிவதில் பயன் குறைவு.

2022 டிசம்பரில் மாண்டௌஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் செத்தன. மெலிந்து, புழு நிறைந்து, ஒதுங்க மேடோ கூரையோ இல்லாமல் நனைந்து நின்றவை குளிரைத் தாங்காது. மாரிக்கு முன் பட்டியைச் சுற்றி வந்து, விலா எலும்பு எண்ணக்கூடிய மாடுகளைத் தனியே பிரித்துத் தீன் போடச் சொல்வதும் வைத்தியம்தான்.

பட்டித் தடுப்பூசிக்கு, மாடுகளை மேயத் திறக்குமுன் விடியலிலேயே போக வேண்டும். மரக்கம்பு நட்டு 60 முதல் 65 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒடுங்கிய வழி ஒன்று முதல் நாளே கட்டச் சொல்லுங்கள். அதைவிட அகலமானால் மாடு திரும்பும், பின்னால் வருவதை மிதிக்கும். ஊசி போட்டதற்கு வர்ண அடையாளம், குறிப்புப் புத்தகத்தில் மாட்டின் உடம்பில் சுட்ட குறியும் காது இலக்கமும். தடுப்பூசிப் போத்தல் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைத்தால் உறைந்து கெடும், இடையில் துணியோ காகிதமோ வையுங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இரண்டு மணிநேரம் கிடந்த தடுப்பூசியைப் போடுவதைவிட எறிவது மேல்.

நோய் விபரத்தைப் பட்டி பார்ப்பவரிடம் கேளுங்கள். போடியார் அல்லது முதலாளி நகரத்தில் இருப்பார், மாட்டின் முகம் அவருக்குத் தெரியாது. ‘காக்கா, எத்தின நாளா அசை போடல்ல? இதோட மேஞ்சதுகள் எப்படி?’ என்று தொடங்கினாலே பாதி நோய் வெளியே வந்துவிடும். அவர் ஏற்கெனவே போட்ட மருந்தையும் ஏசாமல் கேட்டறியுங்கள். ஏசினால் அடுத்த முறை மறைப்பார்.

உங்கள் உடம்பு

களத்துக்கு இறங்குமுன் விசர்நோய்க்கான முற்காப்பு ஊசியைப் போட்டிருங்கள். விசர் பிடித்த மாடு கடிப்பதைவிட, தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் எச்சில் ஒழுக்கி ஓயாமல் கத்தும். அடைப்பை எடுக்கிறேன் என்று வெறுங்கையை வாய்க்குள் விட்டு மாட்டிக்கொள்வது இந்தத் தொழிலின் பழைய பிழை. கரு கலைந்த மாட்டைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கருவைக் கலைக்கும் புரூசெல்லாக் கிருமி மனிதருக்கும் வரும். அதற்கெதிராக நாகுக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் போடும் எஸ்19 தடுப்பூசி உயிருள்ள கிருமி. அது உங்கள் கையில் குத்தினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். எலிக்காய்ச்சல் காலத்தில் சேற்றிலும் சிறுநீரிலும் நிற்பவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முற்காப்பு மாத்திரை கேட்கலாம். திடீரென்று செத்து, மூக்கிலும் பின்துவாரத்திலும் உறையாத கறுப்பு இரத்தம் வடியும் மாட்டை அறுத்துப் பார்க்க வேண்டாம். அந்திராக்ஸாக இருந்தால் திறந்த உடலிலிருந்து பரவும் வித்துக்கள் அந்த நிலத்தில் பல்லாண்டு கிடக்கும். காது நரம்பிலிருந்து இரத்தப் பூச்சு ஒன்றை எடுத்து அனுப்பிவிட்டு, உடலை ஆழப் புதைக்க வேண்டும்.

வேலை

பெரும்பாலானோர் போவது மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கு. தேசிய கால்நடை அபிவிருத்திச் சபைப் பண்ணைகள், பால் நிறுவனங்கள், கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியனவும் உண்டு. காட்டு யானைக்கு வைத்தியம் பார்க்க ஆசைப்படுபவர் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது வேறு பாதை. தனியார் மாட்டு வைத்தியம் இங்கே மெதுவாகத்தான் ஊன்றும். பட்டிக்காரர் ஒரு மாட்டுக்கு அழைத்துக் காசு கொடுக்கத் தயங்குவார். பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றோடு மாதாந்த வருகைக்கு ஒப்பந்தம் பேசி, சினைப் பரிசோதனையும் மடிநோய்ச் சோதனையும் சேர்த்துச் செய்தால் நிலையான வருமானம் வரும்.

அரச பதவியில் முதல் மாதமே மாடு ஏற்றுவதற்கும் அறுப்பதற்கும் சான்றிதழ் கேட்டு ஆட்கள் வருவார்கள். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தை அதற்குமுன் வாசித்து வையுங்கள். காதில் இலக்கத்தையும் உடம்பில் குறியையும் நேரில் பார்க்காத மாட்டுக்குக் கையெழுத்து வேண்டாம், கேட்பவர் யாராயிருந்தாலும். மாட்டை அலுவலக வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.