பாலைவனத் தேளுக்குத் தொட்டி அமைப்பது எப்படி? மண்ணிலிருந்து தொடங்குவோம்

தேள் வளர்ப்பு என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் எம்பரர் தேளுக்கான குறிப்புகள். அது மேற்கு ஆப்பிரிக்காவின் ஈரப்பதமான பகுதிகளைச் சேர்ந்தது. தென்னை நார்த்தூள் பரப்பு, அடிக்கடி தண்ணீர் தெளி என்பதெல்லாம் அதற்குச் சரி. அதையே பாலைவனத் தேளுக்குச் செய்தால் உடம்பில் கரும்புள்ளிகள் விழத் தொடங்கும். அது பூஞ்சைத் தொற்று. முற்றிவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

இந்த விளக்கம் ஹட்ரூரஸ் அரிசோனென்சிஸ் என்ற தேளுக்கானது. வளர்ப்பவர்கள் ‘டெசர்ட் ஹேரி’ என்று சொல்வது இதைத்தான். சொனோரன், மொஹாவே பாலைவனங்களில் வாழ்வது, வட அமெரிக்கத் தேள்களிலேயே பெரியது, சுமார் 14 செ.மீ. வரை வளரும். முதுகு கருமை, கால்களும் வாலும் மஞ்சள், உடம்பெங்கும் மெல்லிய மயிர். வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்குள் தோண்டிய வளையில்தான் கழிக்கிறது. ஆகவே நீங்கள் அமைக்கப் போவது கண்ணாடித் தொட்டி என்பதைவிட, தோண்டினால் இடிந்து விழாத ஒரு மண்கட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அழகுப் பொருள்கள், போலிக் கள்ளிச்செடிகள் எல்லாம் அப்புறம்.

வாங்கும் முன் ஒரு வார்த்தை

‘பாலைவனத் தேள்’ என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. லெயூரஸ், ஆண்ட்ரோக்டோனஸ் வகைகளும் பாலைவனத்தில் வாழ்பவைதான், மஞ்சளாகவும் இருக்கும், ஆனால் அவற்றின் கொட்டு உயிரைப் பறிக்கக்கூடியது. முன்கவ்வி பருத்திருந்தால் விஷம் குறைவு, வால் தடித்திருந்தால் அதிகம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நம்பி வகை பிரிக்க வேண்டாம், விதிவிலக்குகள் நிறைய. அறிவியல் பெயரைத் தெளிவாகச் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். உங்கள் நாட்டில் இதை வைத்திருக்க அனுமதி உண்டா, உரிமம் வேண்டுமா என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஹட்ரூரஸின் கொட்டு நன்றாக வலிக்கும். பெரும்பாலோருக்குத் தேனீ, குளவி கொட்டியதுபோல வலி, வீக்கத்தோடு முடிந்துவிடும். ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே ஆபத்தாகலாம். கையில் எடுத்து விளையாடும் பிராணி அல்ல இது.

தொட்டி

ஒரு தேளுக்கு 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் போதும். உயரம் 40 செ.மீ. இருந்தால் வசதி. காரணம் எளிது: மண்ணே 12 முதல் 20 செ.மீ. வரை வரப்போகிறது. மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் நடுவில் தேளின் முழு நீளத்தைவிடக் கூடுதலான இடைவெளி வேண்டும். அதற்காக ஒரேயடியாக உயரமான தொட்டியும் வேண்டாம், ஏறி விழுந்தால் அடிபடும்.

வழவழப்பான கண்ணாடியில் இந்தத் தேளால் ஏற முடியாது. ஆனால் நான்கு மூலைகளிலும் கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிகான் பசைக் கோடு இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். அதனால் பூட்டும் வசதியுள்ள உலோக வலை மூடி கட்டாயம். மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு தொட்டிக்கு ஒரு தேள். ஜோடியாக விட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிட வாய்ப்பு அதிகம்.

மண்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

புதிதாக வளர்ப்பவர்கள் வெறும் மணலைக் கொட்டிவிடுவார்கள். பார்க்கப் பாலைவனம் மாதிரியே இருக்கும். தேள் தோண்டும், மணல் சரியும், மறுபடி தோண்டும், மறுபடி சரியும். கடைசியில் தொட்டியின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்து ‘சோம்பேறித் தேள்’ என்று சொல்பவர்களும் உண்டு. பாவம், அதற்கு ஒதுங்க இடமில்லை.

வளை நிற்க வேண்டுமானால் மணலோடு களிமண் சேர வேண்டும். கழுவி உலர்த்திய நைசான மணல் 4 பங்கு, தூளாக்கிய களிமண் 1 பங்கு என்று தொடங்குங்கள். உரம், பூச்சிமருந்து கலக்காத களிமண்ணாக இருக்க வேண்டும். கண்ணாடித்தூள்போல விளிம்பு கூர்மையான மணல் வேண்டாம், ஊர்வனவற்றுக்கென்று விற்கும் சுண்ணாம்பு மணலும் வேண்டாம், ஈரம் பட்டால் கட்டிதட்டிப்போகும்.

இரண்டையும் உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும்வரை கலந்துகொள்ளுங்கள். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். ஊற்றக் கூடாது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால், விரல் பதிந்த உருண்டையாக அப்படியே நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொலபொலவென உதிர்ந்தால் களிமண் போதவில்லை. பிசைந்த மாவு மாதிரி அமுங்கினால் களிமண்ணோ தண்ணீரோ கூடிவிட்டது.

இப்போது ஒரு முக்கியமான விஷயம்: தொட்டி நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து நிரப்புங்கள். இந்த அளவுக்கு மண் மட்டுமே சுமார் 40 கிலோ வரும். நிரப்பிய பிறகு நகர்த்தினால் உள்ளே விரிசல் விடும், கண்ணாடியும் தாங்காது. மேசை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரப்பும் முன், சுமார் 2 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றை ஒரு மூலையில் செங்குத்தாக நிறுத்துங்கள். மண் மட்டத்துக்குச் சரியாக அறுத்துவிட வேண்டும், மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே தேளுக்கு ஏணியாகிவிடும். வாயை ஒரு மூடியால் அடைத்துவிடுங்கள். இது எதற்கு என்று தண்ணீர்ப் பகுதியில் சொல்கிறேன். அடுத்த பகுதியில் வரும் கற்களையும் மண் போடும் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

மண்ணை 4 செ.மீ. அளவு போட்டு, தட்டையான மரக்கட்டையால் அழுத்துங்கள். அடுத்த அடுக்கு, மறுபடி அழுத்தம். மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டியதில்லை. குழாய் இருக்கும் பக்கம் 20 செ.மீ., எதிர்ப்பக்கம் 12 செ.மீ. என்று சரிவாக விட்டால் ஆழமான இடத்தைத் தேளே தேர்ந்துகொள்ளும்.

கல்லும் வளையின் வாசலும்

தட்டையான கல் ஒன்று வேண்டும், அதன் அடியிலிருந்து தோண்டத் தொடங்குவது இதற்குப் பிடிக்கும். ஆனால் கல்லை மண்ணின் மேல் வெறுமனே வைக்கக் கூடாது. தேள் அடியில் தோண்டத் தோண்டக் கல் இறங்கி நசுக்கிவிடும். அதனால் தொட்டியின் அடித்தளத்திலிருந்தே இரண்டு கற்களைத் தூண்போல நிறுத்தி, அவற்றின் தலையில் தட்டைக் கல்லை உட்காரவைத்து, பிறகு சுற்றிலும் மண்ணை நிரப்புங்கள். அசைத்துப் பார்த்தால் கல் ஆடவே கூடாது.

மண் ஈரமாக இருக்கும்போதே கல்லின் ஓரத்தில் சுமார் 4 செ.மீ. தடிமனுள்ள குச்சியைச் சாய்வாகச் செருகி, 8 அல்லது 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு துளை போட்டுவிடுங்கள். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் காயவிடுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். மூடியைத் திறந்து வைத்து, மின்விசிறிக் காற்று படும்படி விட்டாலும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். மேலே காய்ந்து கெட்டியாகி, அடியில் லேசான ஈரம் எஞ்சியிருப்பதுதான் நமக்குத் தேவை. வளையின் ஆழத்தில் குளுமையும் கொஞ்சம் ஈரமும் இருப்பதால்தான் பாலைவன வெயிலிலும் இது பிழைக்கிறது.

சூடு மேலிருந்து வர வேண்டும்

ஹீட் மேட் எனும் மின்சாரச் சூட்டு விரிப்பை வாங்கித் தொட்டிக்கு அடியில் வைப்பது பரவலான பழக்கம். தோண்டும் தேளுக்கு இது பொருந்தாது. மேலே சூடு தாங்காவிட்டால் கீழே போ, குளிர்ச்சி கிடைக்கும் என்பதே அதற்கு இயல்பு. அடியில் சூடு வைத்தால் தப்பிக்கப் போகப் போகச் சூடு கூடும். ஆழத்து ஈரமும் வற்றிவிடும்.

வலை மூடிக்கு மேலே, ஆழம் குறைந்த பக்கத்தில், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைத் தொங்கவிடுங்கள். சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். அதன் உணரியை ஹீட்டருக்கு நேர் கீழே மண்ணின் மேற்பரப்பில், தேள் இழுத்துவிடாதபடி பொருத்துங்கள். அந்த இடத்தில் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 24 அல்லது 25 டிகிரி. இரவில் 20 வரை இறங்கினால் பரவாயில்லை, பாலைவனத்திலும் இரவு குளிரத்தான் செய்கிறது. அறையே வெப்பமாக இருக்கும் ஊர் என்றால் ஹீட்டரே தேவைப்படாது, தெர்மாமீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நேரடி வெயில் படும் ஜன்னலோரம் கூடவே கூடாது. ஒலிபெருக்கி, குளிர்சாதனப்பெட்டி போன்றவற்றின் பக்கத்திலும் வேண்டாம். தேள் கால்களில் உள்ள உணர்வுறுப்புகளால் மண்ணின் அதிர்வை அறிந்துதான் இரையைக் கண்டுபிடிக்கிறது. நாள் முழுக்க அதிரும் இடத்தில் அதற்கு நிம்மதி இருக்காது.

தண்ணீர்

பாட்டில் மூடி அளவுள்ள ஆழமில்லாத கிண்ணம், அதில் இரண்டு கூழாங்கல். வாரம் ஒருமுறை நிரப்பி, ஓரிரு நாளில் எடுத்துவிடலாம். பஞ்சு வைக்காதீர்கள், அழுக்கும் கிருமியும் சேரும் இடம் அது. தண்ணீரில் பெரும்பகுதி இரையிலிருந்தே கிடைத்துவிடும்.

மாதம் ஒருமுறை அந்தக் குழாய் வழியாக ஒரு சிறு குவளைத் தண்ணீர் விடுங்கள். மேற்பரப்பு நனையாமல் அடிமண் மட்டும் ஈரமாகும். தேளின் சுவாசத் துளைகள் வயிற்றுப்பக்கம், தரையை ஒட்டி இருக்கின்றன. எப்போதும் ஈரமான மேல்மண்ணில் கிடக்க நேர்ந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

உள்ளே விடுவது

தேள் வந்த டப்பாவைத் தொட்டிக்குள் வைத்து, 25 செ.மீ. நீளமாவது உள்ள இடுக்கியால் மூடியைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதுவாக இறங்கட்டும். வாலைப் பிடித்துத் தூக்கும் வித்தை வேண்டாம். பின்னால் எப்போதாவது இடம் மாற்ற வேண்டியிருந்தால், மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் கெட்டியான அட்டையைச் செருகி எடுங்கள்.

முதல் சில இரவுகளில் தோண்டுவதைப் பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். முன்கால்களால் வேகமாகச் சுரண்டி, மண்ணைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். வாசலில் சிறு மேடு எழும். அப்புறம் வாரக்கணக்கில் தலைகாட்டாமலும் இருக்கும். செத்துவிட்டதோ என்று தோண்டிப் பார்ப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

ஒரு வாரம் கழித்து முதல் இரை. பெரிய தேளுக்கு வாரம் ஒன்று அல்லது இரு வாரத்துக்கு ஒன்று என, தேளின் உடம்பைவிடச் சிறிய சுவர்க்கோழிப் பூச்சியோ வளர்ப்புக் கரப்பானோ போதும். மறுநாள் காலைக்குள் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். வளரும் தேள் சட்டை உரிக்கும் நாளில் உடம்பு மெத்தென்று இருக்கும், அப்போது சுவர்க்கோழி அதைக் கடித்தே கொன்றுவிடும். வயிறு உப்பி, இரையைத் தொடாமல் இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று கொள்ளலாம்.

சுத்தம் செய்யப் பெரிதாக ஒன்றுமில்லை. இரையின் மிச்சத்தை எடுத்தால் போதும். மண்ணை மாற்றவே வேண்டாம், மாற்றினால் அதன் வீட்டை இடித்த மாதிரி. மேல்மண்ணில் பூஞ்சை தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் விடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

கடைசியாக ஒரு புற ஊதா டார்ச் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேளின் மேலோட்டில் உள்ள வேதிப்பொருள்களால் அந்த ஒளியில் அது நீலப்பச்சையாக ஒளிரும். புதிதாகச் சட்டை உரித்த தேள் மட்டும் ஓடு இறுகும்வரை ஒளிராது. வேடிக்கைக்காகத் தொட்டியில் நெடுநேரம் அடித்துக்கொண்டிருக்காதீர்கள், அது ஒளிந்துகொள்ளப் பார்க்கும். டார்ச்சின் உண்மையான பயன் வேறு: எப்போதாவது மூடி சரியாகப் பூட்டாமல் தேள் வெளியேறிவிட்டால், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அறையை விட்டு அனுப்பி, கதவின் அடி இடுக்கைத் துணியால் அடைத்து, காலில் ஷூ போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துச் சுவரோரமாக டார்ச்சை அடித்துத் தேடுங்கள். கட்டிலடி, செருப்பு, கீழே கிடக்கும் துணி இவற்றை முதலில் பாருங்கள். கிண்ணமும் அட்டையும் கையிலேயே இருக்கட்டும்.