சென்னையில் ரூம் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

கல்யாண ஜவுளி, ஆஸ்பத்திரி, விசா நேர்காணல், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை என்று ஏதோ ஒரு வேலையாக இரண்டு மூன்று நாள் சென்னைக்கு வருகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் செயலியைத் திறந்து தி. நகர் என்றோ எழும்பூர் என்றோ தேடி, நாளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் நல்ல போட்டோ உள்ள ஒன்றுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். இந்த விலையில் சுமாரான, சுத்தமான ரூம் கிடைப்பது கஷ்டமே இல்லை. ஆனால் வந்து இறங்கும் நேரத்தையும், போய்வர வேண்டிய இடங்களையும் கணக்கில் எடுக்காமல் போடுகிற ரூம், எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதி வீண்தான்.

முதலில் நேரக் கணக்கு, ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். மதுரை, நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து இரவு ஏறுகிற ரயில்கள் பலவும் விடியற்காலையில்தான் சென்னை வந்து சேர்கின்றன. ஐந்து மணிக்கு இறங்கி, குழந்தைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஹோட்டல் வாசலுக்குப் போனால், “செக்-இன் பன்னிரண்டு மணிக்குத்தான் சார்” என்பார்கள். இப்போதே ரூம் வேண்டுமென்றால் அரை நாள் வாடகை, சில இடங்களில் முழு நாள் வாடகை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளி காலை 5 மணிக்கு இறங்குகிறீர்கள், சனி இரவு 9 மணிக்குத் திரும்பும் ரயில். மதியம் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் ஹோட்டலில், அதாவது எப்போது வந்தாலும் மதியம் 12 மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும் இடத்தில், காலையிலேயே ரூம் வேண்டும், சனி மாலை குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றால், சலுகை எதுவும் தராத இடத்தில் மூன்று நாள் வாடகை வரை போகும். நீங்கள் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் இதே தங்கலுக்கு இரண்டு நாள் வாடகை போதும். எழும்பூர், பெரியமேடு பக்கமுள்ள பழைய லாட்ஜ்களிலும் நடுத்தர ஹோட்டல்களிலும் 24 மணி நேர வழக்கம் இன்னும் இருக்கிறது. செயலியில் 12 மணி என்று போட்டிருந்தாலும், நேரடியாகப் பேசிப் பதிவு செய்தால் 24 மணி நேரம் தருகிற இடங்களும் உண்டு. அதனால் பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே போன் போட்டு, “காலை அஞ்சு மணிக்கு வருவோம், ரூம் தருவீங்களா, எப்ப காலி பண்ணணும்?” என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்விக்கான பதிலை வைத்தே ஹோட்டலை மாற்றிக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய் குறைவாகக் காட்டும் ரூம் கடைசியில் அதிகச் செலவில் போய் முடிவது இப்படித்தான்.

அடுத்தது, பழைய நினைப்பில் ஏரியாவை முடிவு செய்வது. “கோயம்பேடு பக்கத்துல ரூம் போடு, ஊருக்குப் போக சௌகரியமா இருக்கும்” என்று சொல்கிற உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு தென் மாவட்டங்களுக்கான அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாலை நெரிசலில் ஜி.எஸ்.டி. சாலையில் இந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு மணி நேரம் கூட ஆகலாம். பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே திரும்புகிறவர்களுக்கு கிண்டி, பரங்கிமலை, தாம்பரம் பக்கம்தான் பொருத்தம். கிண்டியில் மின்சார ரயிலும் மெட்ரோவும் அருகருகே நிற்கின்றன. அங்கிருந்து செங்கல்பட்டு பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வண்டலூரில் இறங்கலாம், கிளாம்பாக்கம் பக்கம்தான்.

ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்க்காமல் ரூம் போடுவதும் நடக்கிறது. தென் மாவட்ட ரயில்கள் எழும்பூருக்கு வரும். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து ரயில்கள் பெரும்பாலும் சென்ட்ரலுக்கு வரும். எழும்பூர் நிலையத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்தியதும் உண்டு. பயணத்துக்கு முந்தின நாள் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

தி. நகரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஏரியா அதுதான் என்பதால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போடுகிறார்கள். பட்டும் நகையும் வாங்க வருகிறீர்கள் என்றால் சரி, அதைவிட நல்ல இடம் கிடையாது. வாங்கியதை ரூமில் வைத்துவிட்டு மறுபடி கடைக்குப் போகலாம். ஆனால் அங்கே தங்கி தினமும் வேறெங்கோ போய்வர நினைத்தால் சிரமம். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு மெட்ரோ தடங்களும் தி. நகருக்குள் நுழைவதில்லை; பனகல் பார்க் வழியாகப் போகும் தடம் இரண்டாம் கட்டத்தில் வருகிறது. இப்போதைக்கு பக்கத்து மெட்ரோ என்றால் நந்தனம், அதற்கும் ஆட்டோ பிடிக்க வேண்டும். உள்ளூர்ப் போக்குவரத்துக்கு மாம்பலம் மின்சார ரயில் நிலையம்தான் துணை. 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையால் அங்கிருந்து தி. நகர் பேருந்து நிலையத்துக்கு ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் நடந்து போகலாம். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் உஸ்மான் சாலைப் பக்கம் கார் உள்ளே வருவதே பெரும்பாடு.

இன்னொன்று, “தி. நகர்” என்று போட்டிருக்கும் ஹோட்டல் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் இருப்பவற்றையும் தி. நகர் என்றே விளம்பரம் செய்வார்கள். மேப்பில் அரை கிலோமீட்டர் என்று காட்டும். நடுவில் ரயில் பாதை ஓடும். துரைசாமி சப்வே வழியாகச் சுற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சப்வேயில் தண்ணீர் நின்றால் அதுவும் இல்லை. எழும்பூரிலும் இதே கதை உண்டு: நிலையத்தின் காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இன்னொன்று. மேப்பில் நேர்க்கோட்டுத் தூரத்தைப் பார்க்காதீர்கள். நடைப்பயணம் என்பதைத் தேர்ந்தெடுத்து, நிலைய வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை வழி போட்டுப் பாருங்கள்.

எனக்குக் கேட்டால், குறிப்பிட்ட ஒரே இடத்தில் வேலை இல்லாதவர்களுக்கு எழும்பூர்தான் முதல் தேர்வு. பார்க்க அழகான ஏரியா என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரயில் நிலையம், மின்சார ரயில், மெட்ரோ மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மெட்ரோவில் சென்ட்ரல் அடுத்த நிறுத்தம். எதிர்ப்பக்கம் போனால் கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர். ஆலந்தூரில் மாறினால் விமான நிலையம். கண் சிகிச்சைக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் போகிறவர்களுக்கும் ஆட்டோவில் சிறிது தூரம்தான். ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் நாளுக்கு மூன்று நான்கு நடை போக வேண்டியிருக்கும். மருத்துவமனை வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ரூம் சிறியதாக இருந்தாலும், தங்குவதே மேல். கிரீம்ஸ் சாலைப் பக்கம் சமையல் வசதியோடு நோயாளிக் குடும்பங்களுக்கென்றே விடுதிகள் இருக்கின்றன.

ரூமுக்கு வருவோம். சாவியை வாங்கியதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள். முதலில் ஜன்னல் திரையை விலக்குங்கள். நடுத்தர ஹோட்டல்களில், குறிப்பாகக் கென்னட் லேன் போன்ற குறுகிய தெருக்களில், ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்துச் சுவர் ஒரு முழம் தள்ளி நிற்கும், அல்லது சமையலறைப் புகைபோக்கி இருக்கும். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். தண்ணீரின் வேகமும் நிறமும் தெரியும், வடிகால் அடைத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். கீசர் ரூமிலேயே இருக்கிறதா, காலையில் குறிப்பிட்ட மணிக்கு மட்டும் வெந்நீர் விடுவார்களா என்று கேளுங்கள்; நான்கு மணிக்கு எழுந்து முகூர்த்தத்துக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியம். ஏசியைப் போட்டு நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்போதே மாற்றித் தரக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். குளித்து முடித்துவிட்டுக் கேட்டால் தர மாட்டார்கள். பெரியவர்கள் வந்தால் லிஃப்ட் எந்த மாடி வரை போகிறது, கரண்ட் போனால் ஓடுமா என்பதையும் விசாரியுங்கள்.

விமர்சனங்களைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணை நம்பாமல், கடைசி மூன்று மாதத்தில் வந்தவற்றை மட்டும், மோசமானதிலிருந்து படியுங்கள். ஒருவர் கரப்பான் என்று எழுதினால் விடலாம். நான்கு பேர் எழுதினால் நம்புங்கள். காலை உணவு இலவசம் என்பதற்காக 400 ரூபாய் அதிகம் கொடுக்காதீர்கள். இட்லிக்கும் பொங்கலுக்கும் இந்த ஊரில் எந்தத் தெருவிலும் வழி உண்டு.

விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் இன்னும் 12 போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் மெத்தை எவ்வளவு, எந்த வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதை வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டால் கவுன்டரில் வாக்குவாதம் வராது.

அடையாள அட்டை விஷயத்திலும் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருடைய அசல் அட்டையையும் கேட்பார்கள், ஒருவருடையது போதாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வருகிற நம் உறவினர்களுக்கு ரூம் போடும்போது இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சிறிய ஹோட்டல்கள், செயலியில் பணம் வாங்கிய பிறகும் வாசலில் ரூம் இல்லை என்று சொல்லிவிடும். நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கியவரை அப்படி நிற்க வைக்காமலிருக்க, பதிவு செய்யும்போதே எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று சொல்லி, தருவோம் என்ற பதிலை எழுத்தில் வாங்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.