குறைந்த அளவுக் கதிர்வீச்சின் இடரைக் கணக்கிடுவது எப்படி?

குறைந்த அளவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது 100 மில்லிசீவர்ட்டுக்கு (கதிர்வீச்சு உடலில் ஏற்படுத்தக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு) உட்பட்ட கதிர்வீச்சு. இயற்கையிலிருந்து மட்டும் ஒருவருக்கு ஆண்டுதோறும் உலகச் சராசரியாக ஏறக்குறைய 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது.

படி 1: தரவைத் தொடுவதற்கு முன்பே, எத்தனை பேர் தேவை என்று கணக்கிடுங்கள். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. 100 பேரில் 42 பேருக்கு வாழ்நாளில் வேறு காரணங்களால் புற்றுநோய் வரும் என்றும், அனைவரும் 100 மில்லிசீவர்ட் பெற்றிருந்தால் கூடுதலாக ஒருவருக்கு வரக்கூடும் என்றும் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அப்படியானால் 10,000 பேரில் எதிர்பார்ப்பு 4,200, கூடுதல் 100. திட்டவிலக்கமோ (எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) 10,000 × 0.42 × 0.58 என்பதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 49; தற்செயல் ஏற்ற இறக்கத்தில் 95% அடங்கும் வரம்புக்காக அதை 1.96 ஆல் பெருக்கினால் 97. கதிர்வீச்சே இல்லாவிட்டாலும் எண்ணிக்கை இந்த அளவுக்கு ஏறி இறங்கும் என்பதால், அந்த 100 பேர் மயிரிழையில்தான் கண்ணில் படுகிறார்கள். அளவு 10 மில்லிசீவர்ட்டாகக் குறைந்தால், அதே தெளிவுக்கு 10 லட்சம் பேர் வேண்டும்.

படி 2: ஒவ்வொருவரும் கண்காணிப்பில் இருந்த ஆண்டுகளைக் கூட்டி, பாலினம், வயது, பிறந்த ஆண்டு, பெற்ற அளவு ஆகியவற்றின்படி அட்டவணையிடுங்கள். கட்டிப் புற்றுநோய் (இரத்தப் புற்றுநோய் போலன்றி, உறுப்புகளில் கட்டியாக வளர்வது) உருவாகக் காலம் பிடிக்கும். எனவே கடைசி 10 ஆண்டுகளில் பெற்ற அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: பாய்சான் பின்னடைவுப் பகுப்பாய்வில் (நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற புள்ளியியல் முறை) இந்தச் சமன்பாட்டைப் பொருத்துங்கள்:

நோய் வீதம் = பின்னணி வீதம் × (1 + β × அளவு)

β என்பது ஒரு கிரேக்கு (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சு ஆற்றலை அளக்கும் அலகு) உரிய மிகை ஒப்பீட்டு இடர், அதாவது கதிர்வீச்சு இல்லாதபோதுள்ள பின்னணி வீதத்தைப் போல எத்தனை பங்கு கூடுதலாகிறது என்பது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 3,09,932 அணுசக்தித் தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வில், கட்டிப் புற்றுநோய் இறப்புக்கு β 0.52 என்றும், அதன் 90% நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) 0.27 முதல் 0.77 வரை என்றும் கிடைத்தது. இதன்படி 20 மில்லிகிரே பெற்றவருக்கு இறப்பு வீதம் ஏறத்தாழ 1% உயரும்.

படி 4: β-வைச் சோதியுங்கள். புகைப்பழக்கம் பற்றிய தகவல் இல்லையெனில், நுரையீரல் புற்றுநோயை விலக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டு, மதிப்பு பெரிதாக மாறுகிறதா என்று பாருங்கள். அளவீட்டில் உள்ள தற்செயல் பிழை பெரும்பாலும் β-வைச் சுழியத்தை நோக்கி இழுக்கும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

படி 5: இடைவெளியோடு சேர்த்தே முடிவை எழுதுங்கள். உங்கள் சிறிய ஆய்வில் β 0.1 என்றும், இடைவெளி −0.6 முதல் 0.8 வரை என்றும் வந்தால், "இடர் இல்லை" என்று எழுதாதீர்கள். அந்த இடைவெளிக்குள் சுழியமும் இருக்கிறது, 0.52-உம் இருக்கிறது.